கொழிஞ்சாம்பாறைக்குப் பறந்து வந்த சைக்கிள்

டிசம்பர் மூன்றாவது வாரம், காலை பத்தரை மணி. கோயமுத்தூர் விமான நிலையத்தில் பெல்ட் சுற்றி முடிந்து, ஆட்கள் கலைந்துவிட்டார்கள். என் சாமான் சைக்கிள், அது பெல்ட்டில் வராது. அளவு மீறிய சாமான்களைத் தனிக் கதவு வழியாகத் தூக்கி வருவார்கள். இருபது நிமிடம் நின்ற பிறகு இரண்டு பேர் அதைக் கொண்டுவந்தார்கள். நிற்க வைத்து அனுப்பிய அட்டைப் பெட்டி படுத்த வாக்கில் வந்தது. பின்பக்க மூலை ஒன்று உள்ளே நசுங்கியிருந்தது. செயின் இருக்கும் பக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு முழுக்கக் கோயமுத்தூர்த் தமிழ். பதினான்கு வருடமாக வேலை மும்பையில், குடியிருப்பு செம்பூரில். அப்பா இருந்தவரை விடியற்காலை மூன்று மணிக்குச் சைக்கிள் கேரியரில் கத்திரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேலந்தாவளம் சந்தைக்குப் போவார். அந்தச் சாலையை ஒரு தடவையாவது என் சொந்தச் சைக்கிளில், என் காலால் மிதித்துப் போக வேண்டும் என்று பல வருட ஆசை. ஊரில் யாரிடமாவது வாங்கி ஓட்டலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தைக்குப் போய் வர அது போதும். நான் போட்ட திட்டம் பெரியது: கோயமுத்தூரில் இறங்கி வீட்டுக்கு வருவது, நாலு நாள் வீட்டிலிருந்து சுற்றுவது, நடுவில் வால்பாறை ஏறுவது, கடைசியில் மேற்கே மிதித்துக் கொச்சி விமான நிலையத்தில் மும்பைக்கு ஏறுவது. அதற்கு முதுகும் முட்டியும் பழகின சைக்கிள் வேண்டும். ரயிலில் போட்டு அனுப்பலாம்தான். போக வர நாலு நாள் அதிலேயே கரைந்துவிடும். எனக்குக் கிடைத்த விடுப்பு ஒன்பது நாள்.

கோயமுத்தூரில் இறங்கிக் கொச்சியில் ஏறுவது என்று முடிவு செய்ததற்குக் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் ஊர்ப் பக்கம் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடல் காற்று அந்த வாய் வழியாகக் கிழக்கே பாயும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மார்கழி, தையில் காற்று திரும்பிவிடும். கிழக்கேயிருந்து மேற்கே, பகல் முழுக்க, பனை ஓலைகள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிற அளவுக்கு வீசும். டிசம்பரில் கொச்சியிலிருந்து கோயமுத்தூர் நோக்கி மிதித்தால் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஏற்றம் மாதிரி இருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது விலையை மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்த மாதம் எந்தப் பக்கக் காற்று என்பதைப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் இறங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். முதலாவது விமானத்தின் அளவு. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் இறக்கை விசிறி வைத்த ஏடிஆர் விமானங்களில் சாமான் அறை சிறியது. சைக்கிள் பெட்டி ஏறுமா என்பது அன்றைய சாமானைப் பொறுத்தது. அதனால் ஏர்பஸ் 320 மாதிரி ஜெட் விமானம் போகும் நேரடிச் சேவையாகப் பார்த்தேன். மாறிப் போகிற விமானம் என்றால் பெட்டியைத் தூக்கிப் போடும் கைகளும் இரண்டு மடங்காகிவிடும். இரண்டாவது எடை. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். என் சைக்கிள் பன்னிரண்டரை, பெட்டி மூன்றரை. ஒரு துணிகூட வைப்பதற்கு முன்பே 16 ஆகிவிட்டது. சில நிறுவனங்கள் விளையாட்டுச் சாமான் என்று தனிக் கட்டணம் வாங்குகின்றன, சில கூடுதல் கிலோவுக்கு வாங்குகின்றன. எதுவானாலும் முன்கூட்டியே இணையத்தில் கட்டுவது கவுண்டரில் கட்டுவதைவிட மலிவு. சைக்கிள் கொண்டு வருகிறேன், பெட்டியின் நீள அகல உயரம் இது, எடை இது என்று மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு சுமுகமானது. பெட்டி இன்னும் இன்னும் நிரம்பட்டும் என்று உள்ளே எதையும் திணிக்காதீர்கள். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் தூக்குகிறவர்களின் முதுகை உத்தேசித்து வாங்கவே மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். கனமான பெட்டியைத் தூக்க மாட்டார்கள், இழுப்பார்கள், அட்டையின் அடி கிழியும் என்பது இன்னொரு பக்கம்.

பெட்டியை வாங்க நான் எங்கும் அலையவில்லை. புதுச் சைக்கிள்கள் கடைக்கு அட்டைப் பெட்டியில்தான் வருகின்றன. கடைக்காரர்கள் பிரித்த கையோடு பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். செம்பூரில் நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்து, ஒரு நல்ல பெட்டியும் அதனுள்ளே வரும் பிளாஸ்டிக் கட்டைகளும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டைகளைக் குப்பை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் வெறுமனே நிற்கும். மேலே ஒரு பெட்டி விழுந்தால் ஒன்றையொன்று நோக்கி நசுங்கும். சக்கரத்தின் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் அதே அகலத்துக்கு ஒரு கட்டையைக் கொடுத்தால் நசுங்காது. கட்டை கிடைக்காவிட்டால் பிவிசி குழாயை அந்த நீளத்துக்கு அறுத்து, நடுவில் ஒரு நீள போல்ட்டைக் கோத்து இறுக்கினால் போதும்.

கழற்றுகிற வேலையில் பெடல்தான் பலரை அழ வைக்கும். இடது பக்கப் பெடலுக்கு மரை எதிர்த் திசை. இது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கிற மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கப் பெடலானாலும் சைக்கிளின் பின்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். மாதக்கணக்கில் கழற்றாத பெடல் கல்லாகப் பிடித்திருக்கும். புறப்படும் ராத்திரி பதினோரு மணிக்கு அதோடு மல்லுக்கட்டாமல், ஒரு வாரம் முன்பே ஒரு தடவை கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டி வைத்துவிடுங்கள்.

சீட் குழாயை இறக்குவதற்கு முன் அது நின்ற உயரத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ஹேண்டில்பாரைக் கழற்றி, சட்டத்தோடு ஒட்டினாற்போல் தொங்கவிட்டுக் கட்டினேன். டிஸ்க் பிரேக் இருக்கிறவர்கள் சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக்கைப் பிடித்துவிடக் கூடாது. உள்ளேயிருக்கும் இரண்டு பேடும் முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு சக்கரத்தின் டிஸ்க் தட்டு நடுவில் நுழையாது. மடித்த அட்டைத் துண்டு ஒன்றை நடுவில் செருகிவிட்டால் கவலையில்லை. கழற்றிய போல்ட்டு, ஸ்பிரிங், அச்சு எல்லாவற்றையும் ஒரே துணிப் பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டினேன். பெட்டியைத் தூக்குவதற்காக அட்டையில் கை நுழைகிற ஓட்டைகள் இருக்குமே, சின்னச் சாமான்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போகும்.

சார்ஜ் செய்கிற விளக்கு, பவர் பேங்க், பேட்டரி இருக்கிற எதுவும் கையோடு வரும் பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் கூடாது. ஸ்பேனர், அலன் கீ எல்லாம் இதற்கு நேர் எதிர், பெட்டிக்குள்தான் போக வேண்டும். காற்றடிக்கிற சின்னக் கேஸ் குப்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கைப்பம்பை எடுத்துக்கொண்டேன்.

டயரில் காற்றை விடுவது பற்றி ஒரு வார்த்தை. மேலே போனால் டயர் வெடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. பயணிகள் விமானத்தில் சாமான் அறையும் நாம் உட்காரும் அறை மாதிரியே காற்றழுத்தம் காக்கப்படும் இடம்தான். எட்டாயிரம் அடி உயரத்து மலையில் நிற்கிற அளவுக்குத்தான் அழுத்தம் குறையும். 60 பிஎஸ்ஐ அடித்த டயர் அங்கே 64 ஆகும், அவ்வளவுதான். இருந்தாலும் கவுண்டரில் காற்றை விட்டீர்களா என்று நிச்சயம் கேட்பார்கள். அது அவர்களுடைய விதி, அங்கே நின்று வாதாட வேண்டாம். பாதிக்கு மேல் விட்டுவிட்டுக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். சுத்தமாக விட்டுவிட்டால் பெட்டி கீழே விழும்போது அடி நேரே ரிம்முக்குப் போகும்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த நான் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன். பின்சக்கரத்தில் செயினைப் பல் மாற்றி மாற்றிப் போடும் டீரெய்லரைக் கழற்றவில்லை. ஒரே ஒரு போல்ட்டுதான். ராத்திரி ஒரு மணியாகிவிட்டது, மேலே பபிள் ராப் சுற்றினால் போதும் என்று தோன்றியது.

போதவில்லை. கோயமுத்தூரில் அந்த நசுங்கிய மூலையைப் பார்த்ததும், வெளியே போகாமல் அங்கேயே தரையில் வைத்து டேப்பை அறுத்தேன். டீரெய்லர் உள்பக்கமாகச் சாய்ந்து, பின்சக்கரத்துக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேதம் என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எப்படியும் ஏழு நாளுக்குள் எழுத்தில் போயாக வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன். மும்பையில் பெட்டியைக் கொடுக்கும்போதே, உடையக்கூடிய சாமான், சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டும்போது பெட்டிக்குள் எடுத்த போட்டோக்கள் அந்த மேசையில் பேச உதவின, அந்த மட்டில் சரி.

விமான நிலையத்திலேயே பூட்டி வீட்டுக்கு மிதித்துப் போகலாம் என்ற கனவு அங்கேயே முடிந்தது. மச்சானுக்குப் போன் போட்டேன். தேங்காய் லோடு இறக்கிவிட்டு உக்கடத்தில் நின்றிருந்த அவருடைய பிக்கப் வந்தது. கே.ஜி. சாவடி தாண்டி, வேலந்தாவளம் சந்தையைக் கடந்தபோது சைக்கிள் பின்னால் பெட்டியில் கிடந்தது. நான் முன்னால் உட்கார்ந்து அந்தச் சாலையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அப்பாவின் சைக்கிளுக்கு டியூப் மாற்றின அதே கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கியர் சைக்கிள் இப்போது அவரிடம் நிறைய வருகிறது. அவர் என் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கியர் செட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்க தம்பி. ஹேங்கர்தான் வளைஞ்சிருக்குது."

ஹேங்கர் என்பது டீரெய்லரைச் சட்டத்தோடு பிடிக்கிற சின்ன அலுமினியத் துண்டு. சட்டம் உடைவதற்குப் பதில் இது வளையட்டும் என்றுதான் அதை மெலிதாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். புதிது வேண்டுமென்றால் ஆர்டர் போட்டு வர நாலைந்து நாளாகும்.

"அப்ப என்னங்கண்ணா பண்றது?"

"நிமித்திப் போடலாங்க. ஒருக்காத்தான் தாங்கும், மறுபடி மறுபடி நிமித்துனா ஒடிஞ்சு போகும்."

இந்த வேலைக்கென்று ஒரு அளவுகோல் கருவி இருக்கிறது. அவரிடம் அது இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடச் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்தார். அதன் அச்சு நட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் இந்தச் சக்கரத்தின் அச்சை, பல்சக்கரம் இல்லாத பக்கமாக, கையாலேயே திருகி ஏற்றினார். இரண்டுக்கும் ஒரே மரை, 10 மில்லிமீட்டர். இப்போது என் சக்கரமும் அந்தச் சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டும் இணையாக நிற்க வேண்டும். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து, இரண்டு ரிம்முக்கும் நடுவே மேலே வைத்துப் பார்த்தார், கீழே வைத்தார், முன்னால், பின்னால் வைத்தார். ஒரு பக்கம் ஈர்க்கு இறுகியது, எதிர்ப் பக்கம் ஒரு விரல் இடைவெளி விழுந்தது. அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, குழந்தையின் கையைத் திருப்புகிற மாதிரி மெதுவாக இழுத்தார். மறுபடி ஈர்க்கு. மறுபடி ஒரு இழுப்பு. நாலாவது தடவை நாலு பக்கமும் ஈர்க்கு ஒரே மாதிரி நுழைந்தது. டீரெய்லரை மாட்டி நான் மிதியைச் சுற்றினேன், செயின் பெரிய பல்லிலிருந்து சின்னப் பல் வரை ஒரு சத்தமில்லாமல் இறங்கியது. நூறு ரூபாய் கொடுத்தேன், ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது என் பையில் அந்த மாடலுக்கான உபரி ஹேங்கர் ஒன்று எப்போதும் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை, சைக்கிளோடு விமானம் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அது இருக்க வேண்டும். டீரெய்லரைக் கழற்றி, துணியில் சுற்றி, பின்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்பக்கமாகக் கட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அன்று சாயங்காலம் சித்தூர் வரை போய் வந்தேன். இந்தச் சோதனை ஓட்டத்தைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். சித்தூர்ப் புழைப் பாலத்துக்கு முன்னால் ஒரு குழியில் இறங்கியதும் ஹேண்டில்பார் கையோடு கீழே சுழன்றது. அதைப் பிடிக்கும் நாலு போல்ட்டில் மேலே இருக்கிற இரண்டை நன்றாக இறுக்கி, கீழே இருக்கிற இரண்டை அரைகுறையாக விட்டிருக்கிறேன். நாலையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவு இறுக்க வேண்டும். மெதுவாகப் போனதால் விழவில்லை. இதுவே வால்பாறை இறக்கத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, வீட்டுக்கு வந்து, எல்லா போல்ட்டையும் இன்னொரு சுற்றுப் பார்த்த பிறகுதான் நீண்ட பயணம்.

அடுத்த நாள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து வேலந்தாவளம் போனேன். இருட்டு, பனி, எதிரே கிழக்குக் காற்று. சந்தையில் பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி வந்துவிட்டது. மூட்டைகள் ஆட்டோவிலும் டெம்போவிலும் வந்து இறங்குகின்றன. சைக்கிளில் வந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன், கேரியரில் புடலங்காய்க் கட்டு. வெறும் சைக்கிளில் இந்தக் காற்றை எதிர்த்து வர எனக்கு இப்படி மூச்சு வாங்குகிறதே, ஐம்பது கிலோ மூட்டையோடு அப்பா இதைத் தினமும் எப்படிச் செய்தார்? திரும்பும்போது காற்று முதுகில். பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் திரும்பும் வழி இப்படித்தான் இருந்திருக்கும், கேரியரும் காலியாக இருந்திருக்கும் என்று நினைத்தது நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

வால்பாறை தனியாக எழுத வேண்டிய விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டுக்கல், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போக முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, எதிர்க்காற்றில் இரண்டரை மணி நேரம் ஆனது. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. அங்கிருந்து ஆழியாறு அணை கீழே ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி கிடக்கிறது. பாறை ஓரத்தில் வரையாடுகளைப் பார்த்தேன். குரங்குகள் இருப்பதால் ஹேண்டிலில் தின்பண்டப் பையைத் தொங்கவிட வேண்டாம். யானைக் காடு என்பதால் வெளிச்சம் வந்த பிறகு ஏறி, வெளிச்சம் போவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். ராத்திரி வால்பாறையில் தங்கி மறுநாள் இறங்கினேன். நிமிர்த்திய ஹேங்கர் 40 வளைவுக்கும் மக்கர் செய்யவில்லை.

இப்போது இந்தப் பயணத்திலேயே கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். வந்த பெட்டி வீட்டில் இருக்கிறது. நான் கொச்சிக்கு மிதித்துப் போகிறேன். ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கிற அட்டையை முதுகில் கட்டிக்கொண்டு போக முடியாது. அங்கே எதில் கட்டுவது?

ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறுகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல், அதை யாராவது சாலை வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் மும்பையிலிருந்தே கொச்சி விமான நிலையத்துக்கு அருகில் அங்கமாலி, ஆலுவாய்ப் பக்கம் இருக்கிற மூன்று சைக்கிள் கடைகளுக்குப் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் வரும்போது பார்க்கலாம் என்றார். இந்தப் பதிலை நம்பிக் கிளம்பக் கூடாது. மூன்றாமவர் எத்தனை இன்ச் சக்கரம் என்று கேட்டார். அவர்தான் சரியான ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் பெட்டியில் பெரிய சக்கரம் நுழையாது. பெட்டிக்கும் கட்டைகளுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய் ஜிபேயில் முன்னதாகவே அனுப்பினேன். பணம் வாங்கிவிட்டால் பெட்டி பேப்பர்காரருக்குப் போகாது.

சனிக்கிழமை காலை அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தோடு கிளம்பினேன். புதுநகரம், கொல்லங்கோடு, நெம்மாறை. தெற்கே தென்மலைச் சுவர், வரப்பெல்லாம் பனை, நடுவில் இரண்டாம் போகப் பச்சை. முதுகில் காற்று தள்ளிக்கொண்டே வந்தது. வடக்கஞ்சேரி வழியாகப் போனால் குதிரான் குகைப்பாதையில் லாரிகளோடு நுழைய வேண்டும். அதை விரும்பாமல் ஆலத்தூரிலிருந்து வலது திரும்பி, பழையன்னூர், சேலக்கரை, வடக்காஞ்சேரி (பெயர் ஒன்று போலிருந்தாலும் இது வேறு ஊர்) என்று சுற்றித் திருச்சூர் சேர்ந்தேன். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆலத்தூர் தாண்டியதும் கணவாய்க் காற்றும் நின்றுவிட்டது, பனைமரமும் போய்விட்டது, ரப்பரும் வியர்வையும் ஆரம்பித்தன.

ராத்திரி திருச்சூரில் படுக்கும் முன் அங்கமாலிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். நாளைக்கு மத்தியானம் வந்துவிடுவேன் என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. நாளை ஞாயிறு, கடை அடைப்பு. என் விமானம் திங்கள் விடியற்காலை. கிழமையைப் பார்க்காமல் திட்டம் போட்டிருக்கிறேன். எனக்கு வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார்: "சாரமில்ல சேட்டா, வீட்டிலேக்கு வந்நோ."

ஞாயிறு மத்தியானம் இரிஞ்ஞாலக்குடா, மாளா வழியாக அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டியைக் கடையிலிருந்து எடுத்து வந்து கார் நிற்கும் இடத்தில் வைத்திருந்தார். முதலில் குழாயடியில் செயினிலிருந்த மண்ணைக் கழுவினோம். அவர் மனைவி கட்டஞ்சாயா கொடுத்தார். இந்தத் தடவை முதல் வேலையாக டீரெய்லரைக் கழற்றினேன். அவர் எனக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். பெட்டியின் இரண்டு அகலச் சுவரும் உள்ளே அழுந்தாமல் இருக்க, அட்டையை உருட்டிக் குழாய் மாதிரி செய்து, இரண்டு சுவருக்கும் நடுவில் மூன்று இடத்தில் குறுக்கே நிறுத்த வேண்டும். அப்போது பெட்டியைப் படுக்க வைத்தாலும் மேலே விழுகிற பாரத்தை அந்தக் குழாய்கள் தாங்கும், சைக்கிள் தாங்காது. வந்த பயணத்தில் இது மட்டும் இருந்திருந்தால் மூலை நசுங்கியிருக்காது. அடியில் இரண்டு சுற்று அகல டேப், கை ஓட்டைகளைச் சுற்றி இன்னும் இரண்டு.

அங்கமாலியில் ஒரு விடுதியில் படுத்துவிட்டு, காலை மூன்று மணிக்குச் சரக்கு ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு, கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரி போனேன். வாடகைக் கார் கூப்பிட்டால் பெட்டியைப் பார்த்ததும் திருப்பிவிடுவார்கள், அதனால் ஆட்டோக்காரரிடம் முந்தின ராத்திரியே பெட்டியைக் காட்டிப் பேசி வைத்திருந்தேன். இரண்டரை மணி நேரம் முன்னால் போனது நல்லதாயிற்று. எக்ஸ்ரேயில் ஸ்பேனர்கள் கொத்தாகத் தெரிந்ததால் திறந்து காட்டச் சொன்னார்கள். ஸ்பேனர்ப் பையை மேலாகவே வைத்திருந்ததால் ஒரு மூலையைத் திறந்ததோடு வேலை முடிந்தது. கையில் ஒரு உருளை டேப் வைத்திருந்தேன், அங்கேயே நின்று மறுபடி ஒட்டினேன். டேப்பை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் அந்த இடத்தில் திண்டாடுவார்கள்.

மும்பையில் பெட்டி மறுபடியும் படுத்த வாக்கில்தான் வந்தது. பிரித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை.

பொங்கலுக்கு அம்மாவிடம் பேசினேன். நான் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து, மொட்டை மாடியில் விரித்து, மேலே வேட்டியைப் போட்டு வடகம் காய வைத்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, இந்த அட்டை உனக்கு வேணுமா? பழைய பேப்பர்க்காரன் கேக்கறான்."

ஓணத்துக்கு வரும்போது காற்று மேற்கேயிருந்து அடிக்கும். அப்போது கொச்சியில் இறங்கி வீட்டுக்கு மிதித்து வந்து, கோயமுத்தூரில் விமானம் ஏறலாம்.

"குடுத்தராதீங்கம்மா. மடிச்சுக் கட்டிலுக்கடியில வெச்சிருங்க. ஆவணியில வேணும்."